போதும் அக்கா வீட்டில் ஓர் இதயத் துடிப்பு

அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அவ்வளவு இருட்டு. கொஞ்சம் பொறுத்து நின்றால் காகிதம் விரித்த கட்டில் தெரியும், சக்கரம் வைத்த மெஷின் தெரியும், அதற்குப் பக்கத்தில் உருளும் முக்காலியில் ஒரு குள்ளமான அம்மாள் தெரிவாள். ஐம்பதைத் தாண்டிய வயது. கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும், கையில் ஜெல் பாட்டில் இருக்கும். வந்தவர் எவராக இருந்தாலும், "வாங்க, பயப்படாதீங்க, கொஞ்சம் சில்லுனு இருக்கும், அவ்வளவுதான்" என்பதுதான் முதல் பேச்சு. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கீழே மருந்துக்கடைக்காரரிலிருந்து மேலே டாக்டரம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவள் போதும் அக்கா.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் வருவாள். தனியாகவா வருவாள்? மாமியார், நாத்தனார், நாத்தனார் பெற்ற இரண்டு வாண்டுகள், புருஷன், புருஷனுடைய செல்போன் என்று ஒரு வேன் கூட்டம் பின்னாலேயே வரும். அக்கா ப்ரோப் என்கிற கைக்கருவியை வயிற்றில் வைத்து, வேண்டியதைப் பார்த்து, படத்தை நிறுத்தி, "போதும்மா, பாத்தாச்சு" என்று கையை எடுத்துவிடுவாள். கூட்டத்துக்கு மனசு ஆறுமா? "அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்சம் காட்டுங்க அக்கா, மூஞ்சி சரியாத் தெரியல" என்று நாத்தனார் ஆரம்பிப்பாள். "இன்னொரு இடத்துல அரை மணி நேரம் காட்றாங்களாம், பாட்டெல்லாம் போட்டு வீடியோ தர்றாங்களாம்" என்று மாமியார் ஒத்து ஊதுவாள்.

"தருவாங்கம்மா. அங்க ஸ்டுடியோ, இங்க ஆஸ்பத்திரி. எனக்கு என்ன தெரியணுமோ தெரிஞ்சுபோச்சு. பிள்ளை நல்லா இருக்கு. அதை நிம்மதியா விடுங்க."

"ஏன் அக்கா, பாத்தா கெடுதலா?" என்று யாராவது கேட்டால் மட்டும் அக்கா முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பதில் சொல்வாள். "கெடுதல்னு யாரும் நிரூபிக்கல. கெடுதலே கிடையாதுன்னு யாரும் கையெழுத்துப் போட்டும் தரல. வேலை இருந்தா எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாப்பேன். வேலை முடிஞ்சா ஒரு நொடி அதிகமாப் பாக்க மாட்டேன்."

ஆளைப் பார்த்தால் கஞ்சத்தனம் போலத் தெரியும். அப்படி இல்லை. ஒரு தடவை வயிற்றுவலி என்று வந்த பெரியவர் ஒருவரின் கல்லீரலில் கடுகளவு புள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு, அவரை இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கம் திருப்பி, உட்காரவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டுகிற வரைக்கும் விடாமல் பார்த்தாள். "உங்களுக்குப் போதும்னு சொல்லவே வரலையே இன்னைக்கு" என்று வரவேற்பு மேசைக்காரி கிண்டல் செய்தபோது, "தேவைக்கு உப்புப் போடறவளைக் கஞ்சம்னு சொல்லுவியா?" என்று வாயை அடைத்தாள்.

விஷயம் இதுதான். அந்த மெஷின் அனுப்புவது எக்ஸ்ரே இல்லை, நம் காதுக்குக் கேட்காத சத்தம். உள்ளே போய் மோதித் திரும்புகிற சத்தம் படமாகிறது. திரும்பாமல் உள்ளேயே தங்குகிற சத்தம் சூடாகிறது. ரொம்பக் கொஞ்சம் சூடு. பெரிய உடம்பில் ஓடுகிற ரத்தம் அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். கட்டைவிரல் அளவுப் பிள்ளைக்கு அந்த வசதி இன்னும் சரியாக வந்திருக்காது. அதிலும் டாப்ளர் என்று ஒரு முறை இருக்கிறது, இதயத் துடிப்பைக் காதால் கேட்க வைப்பது. அது சத்தத்தை ஒரே இடத்தில் குவித்து அடிக்கும். அதனால் ஆரம்ப மாதங்களில் அக்கா அந்தப் பட்டன் பக்கமே போகமாட்டாள். துடிப்பைப் பார்க்க வேண்டுமானால் திரையில் இதயத்தின் மேலே ஒரு கோடு போட்டால் போதும். துடிப்பு அலை அலையாக ஓடும். நிறுத்தி எண்ணிக்கொள்ளலாம்.

மெஷினுக்கு ஒரு கெட்ட குணம் வேறு உண்டு. முன்னால் பார்த்தவர் எப்படி வைத்துவிட்டுப் போனாரோ அப்படியே நினைவு வைத்திருக்கும். கனத்த உடம்புக்காரர் ஒருவருக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்திருப்பார்கள். அடுத்து வருகிறவள் ஒல்லிக்குச்சிப் பெண்ணாக இருப்பாள். கவனிக்காமல் வைத்தால் அவளுக்கும் அதே அளவுதான் போகும். அக்கா ஒவ்வொருவருக்கும் முதலில் திரையின் மூலையில் தெரியும் இரண்டு சின்ன எண்களைப் பார்ப்பாள். ஒன்று சூட்டுக்கு, ஒன்று சத்தத்தின் அழுத்தத்துக்கு. பார்த்து, குறைத்து, அதற்குப் பிறகுதான் ஜெல்லைத் தொடுவாள். பேசுவதானால் ப்ரோபை வயிற்றிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பேசுவாள். இத்தனை வருஷத்தில் கை தானாகவே அதைச் செய்யப் பழகிவிட்டது.

இப்படிப்பட்ட கறார் அம்மாளின் வீட்டிலேயே வந்து விளையாடியது பாருங்கள் விதி.

வீட்டில் நாலு பேர். வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர். வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்டே பழகியவர், அதனால் டிவியில் கார் வேகமாகப் போனால்கூடச் சோபாவில் இருந்தபடி வலது காலை அழுத்துவார். மகன் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் அவசரப்படாத ஆசாமி. கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் "என்னம்மா?" என்பான். மருமகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை செய்கிறாள். படு சூட்டிகை. அக்காவின் மூக்கு நுனிக் கண்ணாடியைப் பார்த்து, "அத்தை, இதை நான் சரி பண்ணித் தர்றேன், பாக்கவே எனக்கு அவமானமா இருக்கு" என்று கல்யாணமான புதிதிலேயே பிடுங்கிக்கொண்டு போனவள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து ஆண்களைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தால் வீடு இரண்டுபடும்.

போன வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது. மருமகள் முதல் தடவை உண்டாகியிருந்தாள். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் மாசக் கடைசியில் அக்காவே ஸ்கேன் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையை எடுத்துவிட்டு, "துடிப்பு இல்லம்மா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது மறுபடியும். ஆரம்ப ஸ்கேனை ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு ஸ்கேன்காரர் பார்த்தார். துடிப்பு இருந்தது. அடுத்த ஸ்கேன் மூன்றாம் மாசக் கடைசியில்தான். போன தடவை எந்த இடைவெளியில் பிள்ளை போயிற்றோ அதே இடைவெளி. மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. இந்தப் பிள்ளையாவது நிற்குமா என்ற ஒரே கேள்வி அவளைப் பிடித்து ஆட்டியது.

ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, நாளைக்கு சாப்பாட்டு நேரத்துல ஆஸ்பத்திரிக்கு வரட்டா? ஒரே ஒரு தடவை. துடிக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க."

"தேதி குடுத்திருக்காங்கல்ல அம்மாடி? நடுவுல பாக்க ஒரு காரணமும் இல்ல. வலி இல்ல, ரத்தம் படல."

"நான் தூங்காம கெடக்கறேனே, அது காரணம் இல்லையா?"

"அதுக்கு ஸ்கேன் மருந்து இல்லம்மா. இன்னைக்குப் பாத்தா நாளைக்கும் பாக்கணும்னு தோணும். நாளைக்குப் பாத்தா நாளன்னைக்கும் தோணும்."

மருமகள் துலக்கிய தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்தாள். பிறகு, "அடுத்த ஸ்கேனையும் நீங்க பாக்க மாட்டேன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டீங்களாமே" என்றாள். "நான் உங்க பொண்ணா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

அக்காவுக்குப் பெண் கிடையாது. சுருக்கென்று தைத்தது. துலக்கிய பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். அதற்குப் பிறகு மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கேட்டால் கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. போனில் தன் அம்மாவிடம், "இவங்களுக்கு மெஷின் தேயுதாம்மா" என்று சொல்வது அடுத்த அறை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

ஒன்றிரண்டு வாரம் போனது. திடீரென்று மருமகள் முகத்தில் ஒரு தெளிவு. சாப்பிட்டாள். பாட்டு முணுமுணுத்தாள். மாமனார் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கதைகளைக் கேட்டுச் சிரித்தாள். போகட்டும், பெண் தானாகவே தேறிவிட்டாள் என்று அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. துணி மடிக்கும்போது மருமகளின் நைட்டியில் வயிற்றுப் பக்கம் காய்ந்து மொடமொடவென்று இருந்த ஒரு வெள்ளைத் திட்டைக்கூட அவள் கஞ்சித் திட்டு என்றுதான் நினைத்தாள். நாள் முழுக்க ஜெல்லில் புழங்குகிறவளுக்கு அது தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

அன்றைக்கு ஸ்கேன் அறையில் ஏசி மண்டையைப் போட்டுவிட்டது. மெஷின் சூடாகிவிடும் என்று மத்தியானத்தோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போதே கேட்டது. டுப்... டுப்... டுப்... சத்தம் அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. சாவி போட்டுக் கதவைத் திறந்தாள்.

கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். மருமகள் சோபாவில் படுத்திருந்தாள், கண் மூடியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. அவள் வயிற்றின் மேல் சோப்பு டப்பா அளவு டாப்ளர் கருவி ஒன்று. அதிலிருந்து வயர் போட்டுப் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரில் மாட்டியிருந்தான் மகன். வீட்டுக்காரர் பனியனோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர்.

"வா வா வா!" என்றார். "சரியான நேரத்துக்கு வந்தே! கேளு, உன் பேரப்பிள்ளை! என்ன நிதானமா அடிக்குது பாத்தியா? நம்ம பையனே தோத்தான்!"

"நான்தான் அம்மா ஆர்டர் பண்ணி வாங்கினேன்" என்றான் மகன், ஏதோ லிஃப்டையே கண்டுபிடித்தவன் போல. "தினமும் மத்தியானம் சாப்பிட வரும்போது கேக்கறோம். ஒரு அரை மணி, முக்கால் மணி நேரம். சில நாள் சட்டுனு சிக்காது, தேடணும்."

வேறு நாளாக இருந்தால் அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். தினமும் முக்கால் மணி நேரமா! ஒரு நிமிஷத்துக்குக் கணக்குப் பார்க்கிறவளின் வீட்டில்! ஆனால் அவள் திட்டவில்லை. அவள் காது அந்தச் சத்தத்தின் வேகத்தையே எண்ணிக்கொண்டிருந்தது. நிதானமாக அடிக்கிறதாம். இந்த மாசத்துப் பிள்ளையின் இதயம் எங்கேயாவது நிதானமாக அடிக்குமா? குதிரை ஓட்டமல்லவா ஓடும்!

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலுக்கடியில் நாடி ஒரு துடி, ஸ்பீக்கரில் ஒரு டுப். நாடி ஒரு துடி, ஒரு டுப். துளி பிசகவில்லை. இத்தனை நாளும் இந்த மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டு உருகியது பிள்ளையின் துடிப்பே இல்லை. தாயின் வயிற்றில் ஓடும் அவளுடைய சொந்த ரத்தத்தின் சத்தம். அக்கா கருவியை எடுத்து அணைத்தாள். நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். பற்றவைக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் விட்டால் என்ன? ஸ்கேனுக்கு இன்னும் நாலைந்து நாள்தான். அதுவரைக்கும் அந்தப் பெண் சாப்பிடட்டும், தூங்கட்டும், சிரிக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் நாளைக்கே ஏதாவது ஒன்று என்றால்? வயிறு இழுத்துப் பிடிக்கும், லேசாக ரத்தம் படும். இந்தப் பெண் கருவியை வைத்துக் கேட்பாள். டுப் டுப் என்று கேட்கும். நல்லாத்தான் இருக்கு என்று திரும்பிப் படுத்துவிடுவாள். அவள் உயிரோடு இருக்கிறவரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேதானே இருக்கும்!

"ஏன் அத்தை கையைப் புடிச்சுப் பாத்தீங்க?"

மருமகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சூட்டிகைப் பெண் என்று சொன்னேனே, அவளிடம் எதை மறைக்க முடியும்? "திட்டப்போறீங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா பயந்திருக்க மாட்டேன். என்னன்னு சொல்லுங்க."

"அது பிள்ளையோட துடிப்பு இல்ல அம்மாடி. உன்னோடது."

மருமகள் தன் மணிக்கட்டில் தானே விரலை வைத்தாள். நாள்தோறும் கேட்ட சத்தம் அவளுக்கு மனப்பாடம். உதடு மட்டும் அசைய, டுப், டுப் என்று நாடியோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நிறுத்தினாள். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்போ என் பிள்ளையோடது எங்க?"

"இருக்கும்மா. அந்தக் கருவிக்குச் சிக்கல, அவ்வளவுதான். இந்த மாசத்துல சிக்கறதே அபூர்வம். அதுவும் தெரியாதவங்க வச்சா சிக்கவே சிக்காது."

"இருக்குமா? இருக்கா?"

அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியாது" என்றாள்.

மருமகள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "போன தடவை எவ்வளவு நேரம் பாத்தீங்க! எனக்கு முதுகே மரத்துப்போச்சு. இந்தத் தடவை ஒரு நிமிஷம் கேட்டேன், மாட்டேன்னுட்டீங்க. ஏன் அத்தை? நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?"

அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டி வலிக்கு அவள் தரையில் உட்கார்ந்தே பல காலம் ஆகியிருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"போன தடவை வச்ச உடனேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். "அதுக்கு அப்புறம் நான் ஒண்ணும் தேடல. கையை எடுத்தா உன்கிட்ட சொல்லணும். அதான் எடுக்கல."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தேவையில்லாம ஸ்கேன் பண்ணக் கூடாதுங்கறது நெசம்தான். எவ கேட்டிருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா உன் விஷயத்துல அதுக்குப் பின்னாடி போய் நான் ஒளிஞ்சுக்கிட்டேன். அதுவும் நெசம். பயம்டி எனக்கு. இன்னொரு தடவை அந்தத் திரையில அப்படிப் பாக்கத் தெம்பு இல்ல."

"உங்களுக்கா பயம்?" என்றாள் மருமகள். அவள் குரலே மாறியிருந்தது. "எனக்கு மட்டும்தான்னு நெனச்சேனே அத்தை. நீங்கபாட்டுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி பாத்திரம் துலக்கிட்டு இருந்தீங்களே."

"வேற என்ன பண்றதுன்னு தெரியல."

கூடத்திலிருந்து அப்பாவும் மகனும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பெண்களும் தரையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்கப் பயந்து, வந்த வழியே திரும்பிப் போனார்கள். போகிறபோது வீட்டுக்காரர் மகனின் மண்டையில் ஒரு குட்டு வைத்தது மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அக்கா டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே? அளக்க வேண்டியதை எல்லாம் இன்னைக்கே அளக்கலாம், ஒரு தடவையோட முடிஞ்சிடும். அழைச்சிட்டு வாங்க" என்றார் அவர். ஏசி வந்துவிட்டிருந்தது. வீட்டுக்காரர் காரை எறும்பு நகர்கிற மாதிரி ஓட்டிக்கொண்டுவந்து சேர்த்தார். வழியில் பள்ளம் என்று அவர் நினைத்த இடத்திலெல்லாம் நின்று நின்று வந்ததில், பின்னால் வந்த வண்டிக்காரர்கள் வாயில் வந்தபடி வாழ்த்தினார்கள்.

ஸ்கேன் அறையில் இன்னொரு ஸ்கேன்காரர் தயாராக உட்கார்ந்திருந்தார். மருமகள் வாசலிலேயே நின்றாள்.

"நீங்களே பாருங்க அத்தை."

"வேணாம்மா. அவர் நல்லாப் பாப்பாரு. என் கை நடுங்கும்."

"நடுங்கட்டும். அவர் முகத்தைப் பாத்து எனக்கு ஒண்ணும் கண்டுபிடிக்கத் தெரியாது. உங்க முகம் எனக்குத் தெரியும். என்னவா இருந்தாலும் சரி, தெரிஞ்ச உடனே கையை எடுத்துட்டு எங்கிட்ட சொல்லிடணும். சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றாள் அக்கா.

அவர் எழுந்து முக்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். அக்கா உட்கார்ந்தாள். திரையின் மூலையைப் பார்த்தாள். யாரோ கூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குறைத்தாள். ஆரம்ப மாசத்துக்கு உண்டான அளவைத் தட்டினாள். ஜெல்லை உள்ளங்கையில் ஊற்றிக் கொஞ்சம் சூடு பண்ணிப் பூசினாள், வேறு யாருக்கும் செய்யாத உபசாரம் அது. நடுங்கும் என்றாளே, அந்தக் கை வயிற்றில் பட்டதும் நடுக்கமெல்லாம் எங்கே போயிற்றோ.

திரையில் கறுப்பு விலகி ஒரு சின்ன உருவம் வந்தது. தலை, வயிறு, மடக்கிய கால். ஒரு கை முகத்துக்கு நேரே ஆடியது. நெஞ்சின் நடுவில் மினுக் மினுக் என்று ஒன்று துடித்தது. அக்கா அதன் மேல் கோட்டைப் போட்டாள். கீழே அலை ஓடியது, நெருக்கி நெருக்கி, மூச்சுவிட நேரமில்லாத மாதிரி. படத்தை நிறுத்தினாள். ப்ரோபை எடுத்தாள்.

"துடிக்குது" என்றாள். "நூத்தம்பதுக்கு மேல போகுது. உன் புருஷன் மாதிரி எல்லாம் இல்ல, படு அவசரம்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா எண்ணைச் சரிபார்த்து, மறுபடி ப்ரோபை வைத்து, உச்சந்தலையிலிருந்து அடிமுதுகு வரைக்கும் நீளம், கழுத்துக்குப் பின்னால் அளக்க வேண்டியது, தலையின் வடிவம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள். சரியான கோணம் கிடைத்ததும் நிறுத்துவாள், கையை எடுப்பாள், நின்ற படத்தில் அளப்பாள். பிள்ளை புரண்டு படுத்ததால் ஒரு அளவுக்குக் காத்திருக்க வேண்டிவந்தது. அப்போதும் ப்ரோபை எடுத்துவிட்டு, மருமகளை இருமச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, பிறகுதான் வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு குறை இல்லை.

ப்ரோபைத் துடைத்து மாட்டினாள். மருமகளின் வயிற்றைக் காகிதத்தால் துடைத்துவிட்டாள். விளக்கைப் போட்டாள். எல்லாம் முடித்துவிட்டு முக்காலியில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, ஓவென்று அழ ஆரம்பித்தாள். போன வருஷம் அழாததையும் சேர்த்து அழுதாள். மருமகள் கட்டிலிலிருந்து இறங்கி வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு லேசாகத் திறந்தது. வரவேற்பு மேசைக்காரி எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டாள். மருமகள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும் மூடிக்கொண்டு போனாள். அழுகை நின்றபாடில்லை.

"அத்தை" என்றாள் மருமகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நீங்க ஸ்கேன் பண்ணதைவிட அழுததுதான் ரொம்ப நேரம்."

"அழுதுக்கறேன் விடு" என்றாள் அக்கா, முகத்தை எடுக்காமலே. "இதனால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."